கூட்டம் எங்கிருந்து வந்தது, ஐயா?

போன ஆகஸ்ட் 15 அன்று அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் சுதந்திர தினக் கூட்டம். சிறப்புரைக்கு மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். பெயர் எதற்கு? அவர் பேசியதைத்தான் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் நித்தம் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு மைக் கிடைத்தது, அவ்வளவுதான். அன்றைக்கென்று பார்த்து அவரைக் கூட்டிவர வேண்டிய கார் வரவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, அந்த ஐம்பது கிலோமீட்டரையும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். யாரோ காலை மிதித்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் தன் மூட்டையை அவர் காலடியில் வைத்து, "சார், சித்த பாத்துக்கங்க" என்று பொறுப்பும் கொடுத்திருக்கிறாள். சட்டை கசங்கி, முக்கால் மணி நேரம் பிந்தி மேடையேறியவர், தியாகிகளைப் பற்றி எழுதி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வந்த வழியைப் பற்றிப் பேசினார்.

"78 வருஷத்தில் என்ன கிழித்தோம்?" இதுதான் பேச்சின் முதல் வரி. நடு வரியும் கடைசி வரியும் இதுவேதான்.

அவர் சொன்னதைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்தது, பயணம் பயணமாக இருந்தது. இன்றைக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் மந்தை. நம் சனத்துக்கு ஒழுக்கம் கிடையாது, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் நாடாள ஆசைப்படலாமா, ஜப்பானைப் பாருங்கள். போதாக்குறைக்குப் பெண்களுக்கு ஓசி டிக்கெட்டைக் கொடுத்து, வேலை இருக்கிறவளும் இல்லாதவளும் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறார்கள். இவ்வளவுதான். மண்டபத்தில் பாதிப்பேர் கை தட்டினார்கள். அதில் சிலர் காலையில் என்னோடு துண்டு போட்டு இடம் பிடித்து வந்தவர்கள்.

நான் திருச்சுழிப் பக்கத்துக்காரன். ஊரிலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை, சாயங்காலம் அதே வழி திரும்பல். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஐயா ஒரே ஒரு நாள் பட்ட பாட்டை நான் வருஷத்துக்கு முன்னூறு நாள் படுகிறேன். ஆகவே பஸ் நொந்தவன் என்ற தகுதியில் அவரைவிட நான் கொஞ்சம் மூத்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவர் பேசியதில் அவர் கால் வலி மட்டும்தான் உண்மை.

முதலில் அந்த நேரத்துக்கு வந்த ரயில். எந்த ரயில், எந்த ஊருக்கு வந்தது? 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. விருதுபட்டி வழியாகப் போனது, அதுதான் பின்னால் விருதுநகர் ஆன ஊர். கரிசல்காட்டுப் பருத்தி பொதி பொதியாகக் கப்பலுக்குப் போக அந்தப் பாதை வேண்டியிருந்தது. விருதுபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை இருபது கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பருத்தியை நூலாகவும் துணியாகவும் ஆக்கத் தெரிந்த நெசவாளர்கள் தெருத்தெருவாகக் குடியிருந்த ஊர். அந்த இருபது கிலோமீட்டரைக் கடக்க வெள்ளைக்காரனுக்கு 71 வருஷம் பற்றவில்லை. கடைசிவரை வரவே இல்லை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்கு மீட்டர் கேஜ் வந்தது 1960-களின் முதற்பாதியில், சுதந்திர இந்தியாவில். ஆக, அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த யாருடைய தாத்தாவும் வெள்ளைக்காரன் காலத்தில் அருப்புக்கோட்டையில் நேரத்துக்கு வந்த ரயிலில் ஏறியிருக்க முடியாது. பிந்தி வந்த ரயிலிலும் ஏறியிருக்க முடியாது. இல்லாத ரயிலுக்கு ஏது நேரம்?

பேச்சின் இடையில், ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழி மண் என்று ஒரு கும்பிடும் போட்டார். 1879-இல் அங்கே பிறந்த அந்தப் பையன் 1896-இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது ரயில் ஏறியது மதுரையில். திருச்சுழிக்கு ரயில் வந்தபோது மகரிஷி சமாதியாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வெள்ளைக்காரன் ரயிலில் பயணம் பயணமாக இருந்ததாம். 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த ஒருவர், அந்தப் பெட்டியின் நெரிசலையும் அழுக்கையும் கக்கூஸின் கோலத்தையும் எழுதி அச்சிலும் போட்டார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. ஐயா நின்ற மேடையில் மாலை போட்டு வைத்திருந்த படம் அவருடையதுதான். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் பேச்சு கொஞ்சம் தடுமாறியிருக்கும்.

ரயிலை விடுங்கள். ஒருவன் தன் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போவதே அந்தப் பொற்காலத்தில் என்னவாக இருந்தது? குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. எங்களுக்கு அடுத்தாற்போல் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கமெல்லாம் அந்தச் சட்டத்தில் ஆட்களைப் பதிந்தார்கள். விரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி போலீஸ் கண்ணுக்கு முன்னால் படுக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு சாவு என்றாலும் ராதாரிச் சீட்டு வாங்காமல் எல்லை தாண்டக்கூடாது. அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது 1947-இல். ராதாரிச் சீட்டோடு போனவன் பேரன் இன்றைக்குக் கண்டக்டரிடம் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரையும் கேட்காமல் மதுரைக்குப் போகிறான். ஐயாவின் காலை மிதித்ததும் அவனாக இருக்கலாம்.

பஸ்ஸும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. தனியார் மோட்டார் வண்டிகள். கூட்டம் கம்மிதான், ஐயா சொன்னது சரி. ஏன் கம்மி? தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டார்கள். 1920-களின் கடைசியில், அருப்புக்கோட்டையும் அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில் வந்ததுதான். சாதி சொல்லி ஆளை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று அவர் உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவு போட்டுத்தான் ஒருவனை பஸ்ஸில் உட்காரவைக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த பஸ் காற்றோட்டமாக, கசங்காமல், நாகரிகமாக இருந்திருக்கும். சந்தேகமே இல்லை.

இங்கேதான் ஐயாவின் கணக்கு தலைகீழாகப் போகிறது. அவர் கூட்டத்தைப் பார்த்து நாடு கெட்டுவிட்டது என்கிறார். அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

என் அப்பத்தா தன் ஆயுசில் அருப்புக்கோட்டையைத் தாண்டியது நாலு தடவை. இருக்கன்குடிக்கு இரண்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஒன்று, தாத்தா உடம்போடு அங்கிருந்து திரும்பியதை எண்ணினால் நாலு. மற்றபடி வீடு, மிளகாய்க்காடு, கண்மாய். அவள் பேத்தி நர்ஸிங் படித்துவிட்டு மதுரைக்குத் தினம் போய் வருகிறாள். அப்பத்தா ஆயுசில் போன தூரத்தை இவள் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறாள். காலை ஐந்தே முக்கால் வண்டியில் வந்து பாருங்கள். முன்பக்கம் ஸ்பின்னிங் மில் ஷிப்டுக்குப் போகிற பெண்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தூக்குச்சட்டி. நடுவில் மல்லி மூட்டையோடு இரண்டு பேர், அவர்கள் வந்தால் வண்டி முழுக்கப் பூ மணக்கும், யாரும் மூட்டையைத் திட்ட மாட்டார்கள். பின்பக்கம் கொத்தனார், சித்தாள், கோர்ட்டுக்கு வாய்தா போகிறவர், டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தரம் போகிற ஒரு பெரியவர். படியில் பாலிடெக்னிக் பையன்கள். நின்றுகொண்டே பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று, புத்தகத்தை முன்னால் இருக்கிறவர் முதுகில் சாய்த்து வைத்திருக்கும். அந்த முதுகு அசையாமல் இருக்கும்.

1951 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 2011-இல் எழுபத்து நாலு. அந்த ஐம்பத்தாறு பேரும் எங்கே போவார்கள் என்று நினைத்தார் ஐயா? பள்ளிக்கூடத்துக்கு, காலேஜுக்கு, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போக பஸ் ஏறுவார்கள். ஐயாவை நெருக்கித் தள்ளியது 78 வருஷத்தின் வீழ்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார். கிழித்தது என்னவென்று கேட்டாரே, அந்தக் கிழிசலுக்குள்தான் அவர் அன்றைக்கு நின்றுகொண்டு வந்தார்.

அடுத்து ஒழுக்கம். துண்டு போடுகிற சனம்! ஆமாம், போடுகிறோம். துண்டு, கர்சீப், தண்ணி பாட்டில், ஒரு தடவை பச்சைப்பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து ஒரு தாய் சீட் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதே தாய் ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பாள். வரிசை அவளுக்குத் தெரியாத வித்தை இல்லை. சரக்கு தீர்வதற்குள் தன் முறை வரும் என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில் எல்லோரும் வரிசையில்தான் நிற்கிறோம். எங்கள் ஊர் வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று டைம் ஆபீஸில் கேட்டால், "வரும்" என்பார்கள். வினைமுற்று மட்டும் கிடைக்கும், நேரம் கிடைக்காது. அந்த ஒரு சொல்லை நம்பி வரிசையில் நிற்கச் சொல்கிறார் ஐயா.

ஜப்பானை இழுத்தார். 1964 அக்டோபரில் அவர்கள் புல்லட் ரயிலை ஓடவிட்டபோது எங்களுக்கு மீட்டர் கேஜ் கிடைத்த புதுசு. அந்த ஒப்பீட்டில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் ஒழுக்கத்துக்கு ஜப்பானைக் காட்டுகிறவர் இதையும் சொல்ல வேண்டும்: டோக்கியோவில் காலை நெரிசலில் சனங்களை முதுகில் கைவைத்து ரயிலுக்குள் திணிப்பதற்கென்றே வெள்ளைக் கையுறை போட்ட ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஓஷியா என்று அவர்களுக்குப் பெயர். அங்கேயும் கூட்டம்தான், அங்கேயும் திணிப்புதான். நெரிசலைப் பார்த்துவிட்டு அவர்கள் சனத்துக்கு ஒழுக்கம் போதாது என்று உபந்நியாசம் செய்துகொண்டிருக்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில் விட்டார்கள்.

மூன்றாவது, அந்தச் சொல். ஓசி. 2022-இல் ஒரு அமைச்சரே இந்தச் சொல்லை மேடையில் உதிர்த்துவிட்டு ஊர் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐயாவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதைவிட வேடிக்கை, 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது சாதாரண டவுன் பஸ்களில். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வருகிற வெளியூர் வண்டியில் கிடையாது. அவர் வந்த வண்டியில் நெருக்கி நின்ற ஒவ்வொரு பெண்ணும், மூட்டையை ஒப்படைத்தாளே அந்த அம்மாள் உட்பட, அவர் கொடுத்த அதே காசைக் கொடுத்து அவரைப் போலவே நின்றுகொண்டு வந்தவள். ஒரு கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவருக்கு அந்த ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

டவுன் பஸ்ஸிலாவது என்ன நடக்கிறது? எங்கள் ஊரிலிருந்து மில்லுக்குப் போகிற ஓர் அக்காவிடம் கேட்டேன். "மாசம் அறுநூறு எழுநூறு மிஞ்சுதுப்பா. முன்னாடி மில்லு வேன் வரலைன்னா அன்னைக்கு லீவு. இப்ப கையில காசு இல்லாட்டியும் கெளம்பிரலாம்ல" என்றாள். வேலை இல்லாதவளும் ஏறிக்கொள்கிறாளாம். ஏறட்டுமே. மகள் வீட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அக்காளைப் பார்த்துவருவது, ஒன்றுமில்லாமல் சும்மா பஜாருக்குப் போவது, இதையெல்லாம் யாரிடமும் பஸ் காசு கேட்காமல் ஒரு கிராமத்துப் பெண் செய்கிறாள். ஐயா உத்தியோகத்தில் இருந்தபோது போன ஜீப்புக்கு டீசல் போட்டதும் அரசாங்கம்தான். அதற்குப் பெயர் ஓசி இல்லை, அலுவல் பயணம்.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. ஐயா கோபத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டார், அதுதான் என் ஆத்திரம்.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நான்கு வழிச்சாலை போட்டார்கள். அருமையான சாலை. அருப்புக்கோட்டையைத் தொட்டும் தொடாமலும் ஒதுங்கிப் போகிறது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் மாட்டுத்தாவணியில் போர்டைப் பார்த்து ஓடிப்போய் ஏறினால் கண்டக்டர் சொல்லுவார்: "ஊருக்குள்ள போகாது, பைபாஸ் ரைடர். விலக்குல எறங்கிக்கிறதா இருந்தா ஏறுங்க." டிக்கெட் அருப்புக்கோட்டைக்குத்தான், இறக்கிவிடுவது அருப்புக்கோட்டையில் இல்லை. போன மாசம் ஒன்பதே முக்காலுக்கு அப்படி இறங்கினேன். என்னோடு ஒரு பெண், தோளில் தூங்குகிற பிள்ளை, கையில் ஸ்கேன் எடுத்த பெரிய கவர். ஆஸ்பத்திரி பெயர் போட்ட அந்தக் கவரை மடங்காமல் பிடிக்க வேண்டும், பிள்ளையையும் பிடிக்க வேண்டும், லாரி போகிற ரோட்டையும் தாண்ட வேண்டும். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றார் டிரைவர். நாங்கள் மூன்று பேர், பிள்ளையைச் சேர்த்து. அவள் கடைசி டவுன் பஸ் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டாள். போய்விட்டது. மதுரையிலிருந்து வந்ததைவிட, அங்கிருந்து வீடு சேர எங்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது.

இப்போது 1876-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போன ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. இன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகிற ரோடு எங்களை விலக்கில் இறக்கிவிட்டுப் போகிறது. சரக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது. சனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எந்த ஆபீஸிலும் ஒரு ரிஜிஸ்டர் இல்லை. வெள்ளைக்காரனைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் என்றால் ஐயா இதைப் பேசியிருக்கலாம்: அவன் விட்டுப்போன வழக்கங்களில் இதை மட்டும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ரயில் கதை இன்னும் ருசி. மானாமதுரைப் பாதையை அகலப்படுத்த மூடி, 2013-இல் திறந்தார்கள். அதில் ஓடுகிற வண்டிகள் சொற்பம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு நேர் பாதை, 143 கிலோமீட்டர், 2011-12 பட்ஜெட்டில் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் முதல் மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் முடித்தார்கள். அப்புறம் 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த ரயில்வே அமைச்சர், இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசே சொல்லிவிட்டது என்றார். நாங்கள் எங்கே சொன்னோம் என்றார் மாநிலப் போக்குவரத்து அமைச்சர். சில நாளில் விளக்கம் வந்தது: சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை, அமைச்சர் சொன்னது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோன ஊர். எங்கள் ஊர் இன்னும் இருக்கிறது. ஆனாலும் டெல்லிக் காதில் இரண்டும் ஒன்றுபோல் கேட்டிருக்கிறது. துண்டு போட்ட எவனும் இந்தப் பாதையை நிறுத்தவில்லை. ஓசியில் போன எவளும் நிறுத்தவில்லை.

காமராஜர் பிறந்த விருதுநகர் மாவட்டம் இது. 1977-இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கிய தொகுதி அருப்புக்கோட்டை. அதே மாவட்டம் 2018-இல் நிதி ஆயோக் போட்ட பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் ஏறியது, தமிழ்நாட்டிலிருந்து பக்கத்து இராமநாதபுரம் மட்டும் துணைக்கு. கேள்வி கேட்பதென்றால் கேட்க ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்பது சுலபம், அவன் திருப்பிக் கேட்க மாட்டான்.

கூட்டம் முடிந்து நன்றியுரை நடக்கும்போதே ஐயாவுக்கு ஒரு கார் ஏற்பாடாகிவிட்டது. சால்வை, நினைவுப் பரிசு, ஒரு பொட்டலம் சேவு எல்லாம் பின் சீட்டில் ஏறின. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஐயா டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பஜார் வழி வேணாம்ப்பா, ஒரே கூட்டம். சுத்தினாலும் பரவாயில்ல, பைபாஸ்ல விட்டுரு."